ஜெனரேட் ஆன நிரலில் பிழையா? அறிகுறியிலிருந்து வேரைத் தேடிப் போகும் வழி

மாடலிலிருந்தோ (அமைப்பின் விவரிப்பு), டிஎஸ்எல்லில், அதாவது ஒரு துறைக்கென்றே வடிவமைத்த சிறு மொழியில், எழுதிய வரையறையிலிருந்தோ நிரலை உருவாக்கும் திட்டங்களில், பிழை பிறக்கும் இடம் ஒன்று, கண்ணில் படும் இடம் வேறு. கம்பைலர் நானூறாவது வரியைக் காட்டும். தவறோ டெம்ப்ளேட்டின், அதாவது மாடலின் விவரங்களை இட்டு நிரப்பும் நிரல் அச்சின், ஏழாவது வரியில் இருக்கும். சில சமயம் அதற்கும் முன்னால், டிஎஸ்எல்லின் இலக்கணத்திலேயே இருக்கும். அதனால் கம்பைலர் காட்டிய கோப்பைத் திறந்து அங்கேயே திருத்த ஆரம்பிக்காதீர்கள். இந்த வேலையில் அதிகமாக நேரத்தைத் தின்னும் பழக்கம் அதுதான்.

தவறு பிறக்கக்கூடிய இடங்கள் ஆறு: இலக்கணம், மாடல், மாடலைச் சரிபார்க்கும் விதிகள், டெம்ப்ளேட், பில்டு, ஜெனரேட் ஆன நிரல் நம்பியிருக்கும் ரன்டைம் நூலகம். எந்தப் படியில் தவறு என்று தெரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்த மாதிரி.

எந்த அறிகுறியாக இருந்தாலும் முதலில் இதைச் செய்யுங்கள். ஜெனரேட் ஆன கோப்புகள் மட்டும் இருக்கும் கோப்புறையை கிட்டில் கமிட் செய்துவிட்டு, முழுவதும் அழித்து, மீண்டும் ஜெனரேட் செய்து, டிஃப் (பழையதற்கும் புதியதற்கும் உள்ள வேறுபாடு) பாருங்கள். பிழை மறைந்துவிட்டால் அது பில்டு சிக்கல். பழைய கோப்பு ஏதோ தங்கியிருந்திருக்கிறது. டிஃப்பில் ஒன்றுமே வரவில்லை, பிழையும் அப்படியே இருக்கிறது என்றால் மாடலையும் டெம்ப்ளேட்டையும் பாருங்கள். நீங்கள் எதையும் தொடாமலே எக்கச்சக்கமாக டிஃப் வந்தால், வேறு எதைத் தேடுவதற்கும் முன் அதைச் சரிசெய்ய வேண்டும். அதைப் பற்றிக் கீழே தனியாக எழுதியிருக்கிறேன்.

கையால் செய்த திருத்தம் அடுத்த பில்டில் காணாமல் போகிறது

ஜெனரேட்டர் தவறு எதுவும் செய்யவில்லை. தன்னுடைய கோப்பைத் திரும்ப எழுதியிருக்கிறது, அவ்வளவுதான். கையால் எழுதும் நிரலுக்கு நாம் இடம் ஒதுக்கவில்லை என்பதுதான் குறை.

இரண்டையும் வெவ்வேறு கோப்புகளில் வைப்பதுதான் சிறந்த ஏற்பாடு. ஜெனரேட்டர் அடிப்படை கிளாஸை எழுதட்டும். நீங்கள் அதிலிருந்து ஒரு கிளாஸை நீட்டி உங்கள் வேலையை அதில் வையுங்கள். 'டிசைன் பேட்டர்ன்ஸ்' நூலாசிரியர்களில் ஒருவரான ஜான் விலிசிடிஸ் இதற்கு வைத்த பெயர் 'ஜெனரேஷன் கேப்'. சி ஷார்ப்பில் 2005-இல் வந்த 2.0 பதிப்பிலிருந்து பார்ஷியல் கிளாஸ் இருக்கிறது. ஒரே கிளாஸின் பாதி ஜெனரேட்டருக்கு, பாதி உங்களுக்கு. டிஎஸ்எல் உருவாக்கும் கருவியான எக்ஸ்டெக்ஸ்டில் 'எஸ்ஆர்சி-ஜென்' கோப்புறை ஒவ்வொரு முறையும் புதிதாக எழுதப்படும், 'எஸ்ஆர்சி' உங்களுடையது.

ஒரே கோப்பில் கலந்து எழுதும் கருவிகளும் உண்டு. அவற்றில் விதி தெரியாமல் எழுதினால் இழப்பு நிச்சயம். எக்லிப்ஸின் மாடலிங் கருவியான ஈஎம்எஃப்பில் ஒவ்வொரு மெத்தடுக்கு மேலும் 'ஜெனரேட்டட்' என்ற குறிச்சொல் இருக்கும். மெத்தடைத் திருத்திவிட்டு அந்தக் குறிச்சொல்லுக்குப் பக்கத்தில் 'நாட்' என்று சேர்க்காவிட்டால் உங்கள் வரிகள் போய்விடும். அதைவிட நல்ல வழி ஒன்று அங்கேயே இருக்கிறது, பலர் கவனிப்பதில்லை. மெத்தட் பெயரின் கடைசியில் 'ஜென்' என்று சேர்த்து இன்னொரு மெத்தட் வைத்தால், ஜெனரேட்டர் தன் நிரலை அதில் எழுதும். உங்கள் மெத்தட் அதைக் கூப்பிட்டுவிட்டு, மேலே வேண்டியதைச் செய்துகொள்ளலாம். பின்னால் மாடல் மாறும்போது இரண்டும் சேர்ந்தே நிலைக்கும்.

டெம்ப்ளேட் வழியாக நிரல் எழுதும் அக்சலியோவில் 'யூசர் கோட்' என்று வேலி போட்ட பகுதிகள் பாதுகாக்கப்படும். ஒவ்வொரு வேலிக்கும் ஓர் அடையாளப் பெயர் உண்டு. அந்தப் பெயரை மாடல் பொருளின் பெயரிலிருந்து எடுத்திருந்தால், பொருளுக்குப் பெயர் மாற்றிய அன்று வேலி தொலையும். பயப்பட வேண்டாம், தொலைந்த பகுதியை அக்சலியோ பக்கத்திலேயே 'லாஸ்ட்' என்று முடியும் கோப்பில் எழுதி வைக்கும். முதலில் அதைத் தேடி எடுங்கள். அப்புறம் அடையாளத்தை, பெயர் மாறினாலும் மாறாத ஒன்றாக மாற்றுங்கள்.

இதன் மறுபக்கமும் உண்டு. ஒரே ஒரு முறை எழுதிவிட்டு ஜெனரேட்டர் அப்புறம் தொடாத கோப்புகள் இருக்கும். டெம்ப்ளேட்டை எத்தனை முறை மாற்றினாலும் அவை மாறாது. எக்ஸ்டெக்ஸ்டின் 'எஸ்ஆர்சி' கோப்புகள் இந்த வகை. அந்தக் கோப்பை வேறு பெயரில் நகர்த்தி வைத்துவிட்டு ஜெனரேட் செய்யுங்கள், இரண்டையும் ஒப்பிட்டுக் கையால் இணையுங்கள்.

ஒவ்வொரு கோப்பின் தலையிலும் 'இது ஜெனரேட் ஆனது, திருத்த வேண்டாம்' என்று ஒரு வரி போடுங்கள், எந்த மாடலிலிருந்து வந்தது என்பதையும் சேர்த்து. கோ மொழியில் இதற்கு நிலையான வாசகமே உண்டு. கருவிகள் அதைப் படித்து, அந்தக் கோப்பில் நடைக்குறைகளைச் சுட்டாமல் விட்டுவிடும்.

மாடலை மாற்றினேன், நிரல் மாறவில்லை

பில்டு கருவிக்கு எது உள்ளீடு என்று சொல்லியிருக்கிறீர்கள் என்று பாருங்கள். பெரும்பாலும் மாடல் கோப்பு மட்டும் பட்டியலில் இருக்கும். டெம்ப்ளேட்டும் ஜெனரேட்டரின் ஜார் கோப்பும் கூட உள்ளீடுதான். மேக், கிரேடில் எதுவானாலும் டெம்ப்ளேட் மாறியது அதற்குத் தெரியாவிட்டால் 'எல்லாம் புதிதாகவே இருக்கிறது' என்று தாண்டிப் போய்விடும். ஒரு மாடல் இன்னொன்றை இம்போர்ட் செய்தால் அந்த இரண்டாவது கோப்பும் பட்டியலில் வர வேண்டும்.

ஈஎம்எஃப்பில் ஈகோர் கோப்பை (மாடல்) மட்டும் மாற்றிவிட்டு ஜென்மாடலை (ஜெனரேட் செய்வதற்கான அமைப்புகள்) ரீலோட் செய்யாமல் விடுவது அடிக்கடி நடக்கிறது. எக்ஸ்டெக்ஸ்டில் இலக்கணத்தை மாற்றினால் ஜெனரேட்டரை ஓட்டும் எம்டபிள்யூஈ2 வொர்க்ஃப்ளோவை மீண்டும் ஓட்ட வேண்டும், சோதனைக்குத் திறந்து வைத்திருக்கும் எக்லிப்ஸையும் மூடித் திறக்க வேண்டும்.

மாடலிலிருந்து நீக்கிய பொருளின் கிளாஸ் இன்னும் கம்பைல் ஆகிக்கொண்டே இருக்கிறதா? பெரும்பாலான ஜெனரேட்டர்கள் எழுதும், அழிக்காது. ஒவ்வொரு முறையும் கோப்புறையைக் காலி செய்துவிட்டு எழுதும்படி வைத்துவிடுங்கள். கை நிரல் தனிக் கோப்புறையில் இருந்தால்தான் இதைத் தைரியமாகச் செய்ய முடியும்.

சரியான பெயரை பார்சர் ஏற்க மறுக்கிறது

இதைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்க்கலாம். இப்படி ஒரு சிறிய டிஎஸ்எல் இருக்கிறது என்று வையுங்கள்:

பொருள் கோரிக்கை {
    வரிசை : முழுஎண்
    நிலை : சொல்
}

ஆறு மாதமாக எல்லாம் சரியாக ஓடியது. ஒரு நாள் யாரோ இதே மொழியில் நிலைமாற்றத்தையும் எழுத வசதி செய்கிறார்:

நிலை திறந்தது -> முடிந்தது

அன்றிலிருந்து பழைய மாடல்கள் எல்லாம் உடைகின்றன. 'மிஸ்மேட்ச்டு இன்புட், எக்ஸ்பெக்டிங் ரூல் ஐடி' என்று, 'நிலை : சொல்' என்ற வரியில் பிழை. பெயருக்கான விதிதான் ஐடி; அது வர வேண்டிய இடத்தில் வேறொன்று வந்திருக்கிறது என்று பொருள். அந்த வரியை யாரும் தொடவில்லை.

நடந்தது இதுதான். எக்ஸ்டெக்ஸ்ட், பார்சரை உருவாக்கித் தரும் ஆன்ட்லர் போன்றவற்றில் எழுத்துகளைச் சொற்களாக வெட்டும் லெக்ஸர் முதலில் ஓடுகிறது. எந்த இடத்தில் இருக்கிறோம் என்பது அதற்குத் தெரியாது. 'நிலை' இலக்கணத்தில் எங்காவது ஓரிடத்தில் கீவேர்டாக வந்துவிட்டால் போதும், எல்லா இடத்திலும் அது கீவேர்டுதான். அந்தச் சொற்களை இலக்கணத்தோடு பொருத்திப் பார்க்கும் பார்சர் கைக்கு வரும்போது அது பெயராக இருப்பதில்லை.

உடனடி நிவாரணம், மாடல் எழுதுபவர் பெயருக்கு முன்னால் ^ குறி போடுவது. எக்ஸ்டெக்ஸ்ட் அதைப் பெயராக எடுத்துக்கொள்ளும். ஆனால் அதைப் பயனர் தலையில் கட்டுவது நியாயமில்லை என்பேன். இலக்கணத்தில் 'பெயர் என்பது ஐடி அல்லது நிலை என்ற சொல்' என்று ஒரு டேட்டாடைப் விதி எழுதி, ஃபீல்டு பெயர் வரும் இடங்களில் அதைப் பயன்படுத்துங்கள். புதிதாக ஒரு கீவேர்டைச் சேர்க்கும் முன், இருக்கிற மாடல்களில் அந்தச் சொல்லைத் தேடிப் பார்ப்பது ஒரு நிமிட வேலை.

இந்த எடுத்துக்காட்டில் ஐடி விதி தமிழை ஏற்கும்படி விரித்தது என்று வைத்துக்கொண்டேன். எக்ஸ்டெக்ஸ்டோடு வரும் ஐடி விதி ஆங்கில எழுத்து, எண், அடிக்கோடு மட்டுமே ஏற்கும். அதை விரிக்கும்போது உயிர், மெய் எழுத்துகளை மட்டும் சேர்த்தால் 'நிலை' என்ற சொல் ந-வோடு நின்றுவிடும். இகரக் குறியும் ஐகாரக் குறியும் யூனிகோடில் தனிக் குறிகள். தமிழ் தொகுதி முழுவதையும், அதாவது 0பி80 முதல் 0பிஎஃப்எஃப் வரை, சேர்த்துவிடுங்கள்.

இலக்கணத்தைத் தொகுக்கும்போதே 'இரண்டு வழியில் பொருந்துகிறது, இரண்டாவதை முடக்குகிறேன்' என்ற எச்சரிக்கை வந்தால் தாண்டிப் போகாதீர்கள். எச்சரிக்கை என்றுதான் எழுதியிருக்கும். ஆனால் முடக்கிய வழியில் எழுதிய மாடல் ஒருநாள் வந்தே தீரும். பேக்டிராக்கிங்கை (ஒரு வழி தோற்றால் பின்வாங்கி அடுத்ததை முயல்வது) இயக்கினால் எச்சரிக்கை மறையும், குழப்பம் மறையாது. பார்சர் உருவாக்கும் இன்னொரு கருவியான பைசனில் ஷிஃப்ட்/ரெட்யூஸ் மோதல் (அடுத்த சொல்லைப் படிப்பதா, படித்ததை ஒரு விதியாகச் சுருக்குவதா என்ற குழப்பம்) வந்தால் அது எச்சரிக்கை மட்டும் தந்துவிட்டு ஷிஃப்டைத் தேர்ந்தெடுக்கும். 2020-இல் வந்த 3.7 பதிப்பிலிருந்து, மோதலை உண்டாக்கும் உள்ளீட்டையே அது காட்டும். அந்த வசதியை இயக்கிப் பாருங்கள். இடப்பக்க மறுசுழல் (ஒரு விதி தன்னையே முதலில் அழைப்பது) பிழை என்றால், ஆன்ட்லர் 4 நேரடி மறுசுழலைத் தானே சமாளிக்கும். எக்ஸ்டெக்ஸ்ட் ஆன்ட்லர் 3-இன் மேல் நிற்கிறது, அதில் முடியாது. கூட்டல், பெருக்கல் என்று முன்னுரிமைப்படி விதிகளைப் பிரித்து எழுத வேண்டும்.

இரண்டு பெயரும் ஒன்றுதான், ஆனாலும் சுட்டு சேரவில்லை

மாடலில் ஒரு பொருள் இன்னொன்றைப் பெயரால் குறிப்பதுதான் சுட்டு. முதலில் எளியவை: இம்போர்ட் விட்டுப்போனதா, பெயர்வெளி சரியா, அந்தக் கோப்பு இன்டெக்ஸில் இருக்கிறதா. இவை சரியாக இருந்து, கண்ணுக்கு இரண்டு பெயரும் ஒன்றாகவே தெரிந்தால் பைட்டுகளைப் பாருங்கள்.

'கொள்கை' என்று ஒருவர் தட்டச்சு செய்கிறார். அதில் 'கொ' இரண்டு விதமாக உள்ளே இருக்கலாம்: க-வும் ஒகரக் குறியும் என்று இரண்டு குறியீடு, அல்லது க, எகரக் கொம்பு, கால் என்று மூன்று. திரையில் ஒரு புள்ளி வித்தியாசம் இருக்காது. யூனிகோடின்படி இரண்டும் சமம்தான். ஆனால் ஜாவாவின் சர ஒப்பீட்டுக்குச் சமம் இல்லை. மாடல் உள்ளே வரும்போதே எல்லாப் பெயரையும் என்எஃப்சி என்ற யூனிகோடின் ஒரே சீரான வடிவத்துக்கு மாற்றிவிட்டால் தீர்ந்தது. தமிழில் பெயர் எழுத விடும் எந்த டிஎஸ்எல்லுக்கும் இது முதல் நாளே வேண்டிய வரி.

பெயர் வர வேண்டிய இடம் காலியாக இருக்கிறது

'பப்ளிக் கிளாஸ்' என்று எழுதி, பெயர் இல்லாமல் அடைப்புக்குறி திறந்திருக்கும். அல்லது பெயருக்குப் பதில் 'நல்' என்ற மதிப்பு எழுத்தாகவே வந்து உட்கார்ந்திருக்கும்; பைதானில் எழுதிய ஜெனரேட்டர் என்றால் 'நன்'. ஜாவா உலகின் எக்ஸ்டென்ட் டெம்ப்ளேட் நல் மதிப்பையும், பைதானின் ஜிஞ்சா2 இல்லாத மாறியையும் ஒன்றும் எழுதாமல் விடும் வகை. சுட்டு எங்கோ சேராமல் போயிருக்கிறது, ஜெனரேட்டர் அதைக் கேட்காமல் ஓடியிருக்கிறது.

டெம்ப்ளேட்டுக்குள் 'இல்லாவிட்டால் இதைப் போடு' என்று எழுதி மூட வேண்டாம். மாடலில் பிழை இருந்தால் ஜெனரேட்டர் ஓடவே கூடாது. சரிபார்ப்பை முதலில் நடத்துங்கள். ஒரு பிழை இருந்தாலும் மாடலின் வரி எண்ணோடு சொல்லிவிட்டு நில்லுங்கள். ஜிஞ்சா2-இல் ஸ்ட்ரிக்ட் அன்டிஃபைண்டு என்ற அமைப்பை இயக்கினால், இல்லாத மாறியைத் தொட்டதும் அது நின்றுவிடும்.

ஜெனரேட் ஆகிறது, கம்பைல் ஆகவில்லை

பிழை வந்த வரியை உற்றுப் பாருங்கள், அதன் முகமே காரணத்தைச் சொல்லிவிடும்.

கோணக்குறி இருக்க வேண்டிய இடத்தில் &-இல் தொடங்கி அரைப்புள்ளியில் முடியும் எழுத்துக் கோவை இருந்தால், டெம்ப்ளேட் எஞ்சின் வலைப்பக்கத்துக்கு எழுதுவதாக நினைத்திருக்கிறது. மஸ்டாஷ் என்ற டெம்ப்ளேட் எஞ்சினில் இரட்டை நெளிவடைப்பு எச்டிஎம்எல்லுக்காக எழுத்துகளை மாற்றும், மூன்று அடைப்பு மாற்றாது. ஏபிஐ வரையறையிலிருந்து நிரல் எழுதும் ஓப்பன்ஏபிஐ ஜெனரேட்டர் மஸ்டாஷை வைத்துத்தான் ஓடுகிறது. உங்கள் சொந்த டெம்ப்ளேட்டை அதில் சேர்க்கும்போது இதை மறக்காதீர்கள்.

'கிளாஸ்', 'டிஃபால்ட்' போன்ற பெயர் ஃபீல்டுக்கு வந்திருந்தால், இலக்கு மொழியின் கீவேர்டோடு மோதல். சி ஷார்ப்பில் முன்னால் @, கோட்லினிலும் ஸ்விஃப்டிலும் பேக்டிக் போட்டுத் தப்பலாம். ஜாவாவில் அந்த வசதி கிடையாது, பெயரையே மாற்ற வேண்டும். மாற்றும் வேலையை ஒரே ஒரு ஃபங்ஷனில் வையுங்கள். பத்து டெம்ப்ளேட்டில் பத்து விதமாக மாற்றினால் அறிவிப்பில் ஒரு பெயரும் அழைப்பில் ஒரு பெயருமாக வரும். விளக்க உரையில் இருக்கும் மேற்கோள் குறி, பின்சாய்வு ஆகியவற்றுக்கும் இப்படி ஒரு ஃபங்ஷன் தேவை.

'கோட் டூ லார்ஜ்' என்று ஜாவா சொன்னால் டெம்ப்ளேட் தவறல்ல, மாடல் வளர்ந்துவிட்டது. ஒரு மெத்தடின் பைட்கோட் 65,535 பைட்டைத் தாண்டக் கூடாது. பெரிய அட்டவணையை ஒரே மெத்தடில் நிரப்பும் நிரலில்தான் இது வரும். பல மெத்தடாகப் பிரியுங்கள். அட்டவணையை நிரலாக எழுதாமல் தரவுக் கோப்பாக எழுதிப் படிப்பது இன்னும் மேல்.

லினக்ஸில் கம்பைல் ஆகி விண்டோஸிலோ மேக்கிலோ ஒரு கிளாஸ் காணோமா? பெரிய எழுத்து, சிறிய எழுத்து மட்டும் மாறுபடும் இரண்டு பொருள் மாடலில் இருக்கிறதா பாருங்கள். அந்தக் கணினிகள் வழக்கமாக இரண்டையும் ஒரே கோப்பாகவே எடுத்துக்கொள்ளும். இரண்டாவது முதலாவதை அழித்துவிடும். மாடல் சரிபார்ப்பிலேயே தடுக்க வேண்டியது இது.

எதையும் மாற்றவில்லை, டிஃப் மட்டும் வருகிறது

இதை அழகு பற்றிய சிறு குறை என்று ஒதுக்குபவர்கள் பலர். எனக்கு அதில் உடன்பாடில்லை. ஜெனரேட்டரைக் கண்காணிக்க நம்மிடம் இருக்கும் மிகச் சிறந்த கருவி டிஃப்தான். இருநூறு கோப்பில் காரணமில்லாமல் வரிகள் இடம் மாறினால், நிஜமாக மாறிய மூன்று வரியை யாரும் பார்க்கப்போவதில்லை.

வரிகள் இடம் மாறுகின்றன என்றால் வரிசை இல்லாத தொகுப்பின் மேல் டெம்ப்ளேட் சுற்றுகிறது. கோ மொழியில் மேப்பின் சுற்று வரிசை வேண்டுமென்றே மாற்றப்படுகிறது. பைதானில் டிக்ட் 3.7-இலிருந்து சேர்த்த வரிசையைக் காக்கும், ஆனால் சரங்களின் செட் ஒவ்வொரு ஓட்டத்திலும் வேறு வரிசையில் வரலாம். ஜாவாவில் ஒரு நுட்பமான பொறி உண்டு. ஈஎம்எஃப் பொருள்கள் ஹேஷ்கோடைத் தாமாக எழுதுவதில்லை. அதனால் அவற்றை ஹேஷ்செட்டில் போட்டால் வரிசை ஓட்டத்துக்கு ஓட்டம் மாறலாம். லிங்க்ட்ஹேஷ்செட் போடுங்கள், அல்லது பெயரை வைத்து வரிசைப்படுத்துங்கள். மாடலில் எழுதிய வரிசைக்குப் பொருள் இருந்தால் அதையே காப்பாற்றுங்கள்.

தலைப்பு வரியில் தேதி, நேரம், பயனர் பெயர் இருந்தால் எடுத்துவிடுங்கள். தேதி வேண்டியே தீரும் என்றால் 'சோர்ஸ் டேட் எபாக்' என்ற சூழல் மாறியிலிருந்து எடுங்கள். கோப்பு முழுக்க மாறியதாகத் தெரிந்து உள்ளே ஒன்றும் மாறாவிட்டால் வரிமுடிவுக் குறி. ஜெனரேட்டரில் ஒரே குறியை நிலைப்படுத்தி, கிட் ஆட்ரிபியூட்ஸ் கோப்பிலும் எழுதுங்கள்.

ஒருவர் கணினியில் மட்டும் வேறு நிரல் வருகிறதா? குறியாக்கத்தையும் லொகேலையும் (கணினியின் மொழி, நாடு அமைப்பு) பாருங்கள். ஜாவாவில் யூடிஎஃப்-8 இயல்பு குறியாக்கமானது 2022-இல் வந்த 18-ஆம் பதிப்பில்தான். அதற்கு முன் இயங்குதளம் சொன்னபடி. லொகேல் விஷயம் இன்னும் மறைவானது. துருக்கிய லொகேலில் சிறிய 'ஐ' எழுத்தைப் பெரிய எழுத்தாக்கினால் மேலே புள்ளி வைத்த வேறோர் எழுத்து வரும். 'ஐடி' என்ற ஃபீல்டின் கெட்டர் பெயர் அங்கே வேறாகிவிடும், அதைக் கூப்பிடும் கை நிரல் எதுவும் கம்பைல் ஆகாது. எழுத்தை மாற்றும் ஒவ்வோர் இடத்திலும் லொகேல் ரூட் என்று வெளிப்படையாகக் கொடுங்கள்.

கம்பைல் ஆகிறது, ஓடுகிறது, விடை தவறு

இவற்றிலேயே கஷ்டமானது இதுதான். யாரும் கத்தமாட்டார்கள்.

முதல் சந்தேகம் டைப் மாற்றத்தின் மேல் விழட்டும். மாடலில் 'எண்' என்று இருந்ததை டெம்ப்ளேட் டபுள் என்று எழுதியிருந்தால், 0.1-உம் 0.2-உம் கூட்டினால் 0.30000000000000004 வரும். பணத் தொகைக்கு இது ஆகாது. டெம்ப்ளேட்டில் 'பெயரில் தொகை என்று இருந்தால் டெசிமல்' என்று ஒட்டுப்போட நினைப்பீர்கள். வேண்டாம். மொழியிலேயே 'பணம்' என்று ஒரு டைப் சேருங்கள். அந்த வேறுபாடு மாடல் எழுதுபவருக்குத் தெரியும், டெம்ப்ளேட்டுக்குத் தெரியாது. அதே போல 64 பிட் அடையாள எண் ஜாவாஸ்கிரிப்டின் நம்பராக மாறினால் 9007199254740991-க்கு மேல் கடைசி இலக்கங்கள் பிசகும். கூகுளின் தரவுப் பரிமாற்ற வடிவமான ப்ரோட்டோபஃப் தன் ஜேசன் வடிவத்தில் 64 பிட் எண்ணைச் சரமாக எழுதுவது இதனால்தான்.

அடுத்தது, பெயர் சரி, பொருள் மாறிப்போன நிலை. ப்ரோட்டோபஃபில் கம்பி வழியே போவது ஃபீல்டின் எண், பெயர் அல்ல. நீக்கிய ஃபீல்டின் எண்ணைப் புதியதற்குக் கொடுத்தால், பழைய தரவு புதிய பெயரில் வந்து உட்காரும். நீக்கிய எண்ணை 'ரிசர்வ்டு' என்று அறிவித்துவிட்டால் ஜெனரேட்டரே தடுக்கும். உங்கள் சொந்த டிஎஸ்எல்லில் எனம் (பெயரிட்ட மதிப்புகளின் பட்டியல்) மதிப்புக்கு வரிசைப்படி எண் கொடுக்கிறீர்களா? நடுவில் ஒன்றைச் சேர்த்தால், தரவுத்தளத்தில் சேமித்த பழைய எண்கள் எல்லாம் ஒரு படி தள்ளிப்போகும். எண்ணை மாடலிலேயே எழுத வையுங்கள்.

இவை எதுவும் இல்லையென்றால் ஜெனரேட்டரின் பதிப்பும் ரன்டைம் நூலகத்தின் பதிப்பும் பொருந்துகின்றனவா என்று பாருங்கள். ஒன்றை மட்டும் புதுப்பித்த அடுத்த நாள்தான் பெரும்பாலும் இது தொடங்கியிருக்கும்.

ஸ்டாக் ட்ரேஸ் எதையோ காட்டுகிறது, மாடலில் எந்த வரி என்று தெரியவில்லை

சி மொழியில் இதற்குப் பழைய, நல்ல விடை உண்டு: மூலக் கோப்பின் பெயரையும் வரியையும் கம்பைலருக்குச் சொல்லும் 'லைன்' டைரக்டிவ். பைசன் தானாகவே அதை எழுதும், டீபக்கர் இலக்கணக் கோப்பின் வரியைக் காட்டும். ஜாவா உலகில் ஜேஎஸ்ஆர்-45 என்ற தரநிலை இதே வேலைக்கு. இந்த அளவுக்குப் போக நேரமில்லையென்றால், ஒவ்வொரு மெத்தடுக்கு மேலும் மாடல் கோப்பின் பெயரை ஒரு கமென்டாக டெம்ப்ளேட் எழுதட்டும். வரி எண் வேண்டாம். மாடலில் ஒரு வரி சேர்ந்தாலே எல்லாக் கமென்டும் மாறி டிஃப் வீங்கும். பொருளின் முழுப் பெயர் போதும்.

வேர் கிடைத்த பிறகு, அந்தப் பிழையை உண்டாக்கும் மிகச் சிறிய மாடலைச் செதுக்குங்கள். ஒரு பொருள், ஒரு ஃபீல்டு அளவுக்குக் குறைக்க முடியும். அதையும் வர வேண்டிய நிரலையும் பக்கத்தில் பக்கத்தில் டெஸ்ட் கோப்புறையில் வையுங்கள். ஜெனரேட்டர் உங்களுடையது இல்லையென்றால், அதைப் பராமரிப்பவருக்கு அனுப்ப வேண்டியதும் இந்த இரண்டு கோப்புதான், பதிப்பு எண்ணோடு.